மத்தாப்புப் பலகை நாற்காலி

அந்தப் புத்தகத்தை நான் நடுவிலிருந்துதான் படித்தேன். வேறு வழி இல்லை. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் பைண்டிங் பகுதிக்குப் புத்தகம் முழுதாக வராது, ஃபாரம் ஃபாரமாகத்தான் வரும். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து மடித்தால் ஒரு ஃபாரம். பெரிய ஆர்டர் என்றால் மெஷினே சேர்த்துவிடும். சின்ன ஆர்டர் என்றால் நாங்கள் சேர்ப்போம். பெண்கள் வரிசையாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு ஃபாரம் அடுக்கியிருக்கும். முதல் ஆள் தன் ஃபாரத்தை எடுத்துப் பக்கத்து ஆளுக்குத் தள்ளுவாள். அவள் தன்னுடையதைச் சேர்த்து அடுத்தவளுக்குத் தள்ளுவாள். கடைசி ஆளிடம் போகும்போது புத்தகம் சேர்ந்திருக்கும்.

அப்போது எனக்கு வந்தது மூன்றாம் ஃபாரம். அதனால் அந்தப் புத்தகத்தில் வரும் மனிதர்களை அவர்களின் நடு வயதில்தான் முதலில் பார்த்தேன். அவர்கள் பிறந்தது முதல் ஃபாரத்தில், செத்தது கடைசி ஃபாரத்தில். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்தவளிடம் நாலாம் ஃபாரத்தை வாங்கிப் படித்தேன். அவள் ஏழாயிரம்பண்ணைப் பெண், என்னைவிட இளையவள், வாய் நீளம்.

"என்னக்கா, பரிச்சைக்குப் போறீகளா?" என்றாள்.

"நாற்காலி செஞ்சவுகளப் பத்தி இருக்கு."

"நாற்காலி செஞ்சா புத்தகம் போடுவாகளா? அப்ப எங்க மாமனுக்கு நாலு புத்தகம் போடணும். தண்ணியப் போட்டா ஒரு நாற்காலிய நாலா ஆக்கிருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கூச்சப்பட்டு ஃபாரத்தை அடுக்கில் வைத்துவிட்டேன். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எட்டாம் வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்தே நிற்பேன். படிப்பு அத்தோடு நின்றுவிட்டது, ஆனால் வாசிப்பை நான் விடவில்லை. கையில் கிடைத்த ஃபாரத்தை எல்லாம் வாசித்திருக்கிறேன். சமையல், ஜாதகம், பத்தாம் வகுப்பு கைடு, சாமி பாட்டு, எல்லாமே நடுவிலிருந்துதான்.

இந்தப் புத்தகம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. எழுபது எண்பது வருடத்துக்கு முன்னால் மேசை நாற்காலியைப் புதிதாக யோசித்தவர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மெல்லிய மரத்தகடுகளைப் பசை போட்டு அழுத்தி வளைத்தார்களாம். முதலில் சண்டையில் அடிபட்ட சிப்பாய்களின் காலுக்கு வைத்துக் கட்டத்தான் அப்படி வளைத்தார்கள். சண்டை முடிந்த பிறகு அதே மாதிரி வளைத்து நாற்காலி செய்தார்கள். உடம்பு எங்கே வளைகிறதோ அங்கே மரமும் வளைய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வேலை இரண்டு பேருடையது, ஆனால் பேர் ரொம்ப நாள் புருஷனுக்குத்தான் போனது என்றும் அதில் இருந்தது. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாலாம் ஃபாரத்தில் நம் நாடு வந்தது. வடக்கே புதிதாக ஒரு நகரம் கட்டினார்கள். அதன் அலுவலகங்களுக்கு ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரும் அவரோடு நம் ஆட்களும் வரைந்து கொடுத்தார்கள். தேக்கில் கவட்டை மாதிரி விரிந்த கால், பிரம்புப் பின்னல். தச்சர்கள் செய்து தள்ளினார்கள். பிறகு அது பழசாகிப்போனது. கால் ஒடிந்ததை எல்லாம் மொட்டை மாடியில் குவித்துப் போட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்ப் பாலீஷ் போட்டு ஏலம் விட்டார்கள். இப்போது அவை பணக்காரர் வீடுகளில் யாரும் உட்காராமல் நிற்கின்றன.

வரைந்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருந்தது. செய்த தச்சர்களின் பெயர் இல்லை, கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதில் உட்கார்ந்து காலமெல்லாம் ஃபைல் பார்த்த குமாஸ்தாக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் நானும் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. என் பெயரையும்தான்.

அந்த வருடம் என் முழங்கால் கெட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் உட்கார முடியாது. சாத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமே சம்மணம் போடக் கூடாது, தரையில உட்காரவே கூடாது" என்றார். பிறகு என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

யோசித்துப் பார்த்தால் நான் வாங்கிய சம்பளம் எல்லாம் தரையில் உட்கார்ந்து வாங்கியதுதான். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ், அங்கே தரை. பிறகு எம். புதுப்பட்டியில் பட்டாசு, அங்கேயும் தரை. பட்டாசு அறையில் அதற்குக் காரணம் உண்டு. ஏதாவது ஒன்று என்றால் எழுந்து ஓட வேண்டும், காலில் தட்டுகிற மாதிரி ஒரு சாமான் இருக்கக் கூடாது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சகத்தில் என்ன காரணம்? மெஷின் ஓட்டுகிற ஆண்களுக்கு ஸ்டூல் இருக்கிறது. கணக்கு எழுதுகிற பையனுக்குச் சுழல் நாற்காலி இருக்கிறது. பைண்டிங் பெண்களுக்குத் தரை. எப்போதும் அப்படித்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே கிடையாது.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் என்னைவிட வயதில் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"சேரா? யக்கா, உங்களுக்கு ஒண்ணு போட்டா அம்புட்டுப் பேரும் கேப்பாக. லைனு என்னத்துக்கு ஆகும்? ஒருத்தி மேல, ஒருத்தி கீழ உக்காந்தா ஃபாரம் எப்படி நகரும்?"

"காலு முடியல."

"முடியலன்னா ரெஸ்ட் எடுங்க. காலண்டர் சீசன் வருது. கீழ உக்கார முடிஞ்சவுகதான் எனக்கு வேணும். முடியாதவுக வீட்டுல இருந்துக்கிடுங்க, நான் தப்பாச் சொல்லல."

அவர் தப்பாகச் சொல்லவில்லைதான். வேலை போகும் என்பதை மரியாதையாகச் சொன்னார். அன்று கம்பெனி வேனில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. என்னைப் போன்றவர்களுக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும், ஆனால் வந்தால் சீக்கிரம் போகாது.

எங்கள் வீட்டில் அலமாரிக்கு விரிப்பதும், பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுவதும் அச்சக வேஸ்ட் தாளில்தான். சிவகாசியைச் சுற்றி எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு வேலை ஆரம்பிக்கும்போது மை சீராக விழும்வரை கெட்டுப்போன தாள்களையே மறுபடி மறுபடி மெஷினில் விடுவார்கள். அதனால் ஒரே தாளில் முருகன் முகத்துக்கு மேல் மிளகாய்த்தூள் பாக்கெட் இருக்கும். எங்கள் அலமாரியில் விரித்திருந்த ஒரு தாளில் அந்த வடக்கத்தி நாற்காலி இருந்தது. முன்பக்கம், பக்கவாடு, அளவு எல்லாம் கோடாக வரைந்த பக்கம். டப்பாக்களை இறக்கிவைத்துவிட்டு அந்தத் தாளை உருவினேன்.

என் கொழுந்தனுக்குக் கதவு, ஜன்னல் செய்யும் தொழில். எம். புதுப்பட்டி ரோட்டில் பட்டறை. தாளை அவரிடம் கொடுத்தேன்.

"என்ன மதினி இது, வயித்துல நாலு கோடு, காலு கவட்டை மாதிரி?"

"இது மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க. உயரம் மட்டும் குறைங்க. உக்காந்தா பாதம் தரையில படணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் எனக்கென்று எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. "வேம்பு கிடக்கு, பழைய நிலைச் சட்டம். தேக்கெல்லாம் இல்ல," என்றார். வேம்பு போதும் என்றேன். உட்காரும் இடத்தில் பின்ன, பேப்பர் பண்டலைக் கட்டி வருகிற மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சகத்தில் அதை வெட்டிக் குப்பையில்தான் போடுவார்கள்.

நாற்காலி தயாரானதும் போய்ப் பார்த்தேன். கால் சரியாக இருந்தது. முதுகு சாய்வும் சரி. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அகலமாக, நீளமாக ஒரு பலகை நீட்டிக்கொண்டு நின்றது.

"இது என்ன?"

"படத்துல இருந்துச்சே. என்னத்துக்குன்னு எனக்கும் வெளங்கல. வெளிநாட்டுக்காரன் ஏதோ வைப்பான்போலன்னு நெனச்சேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். நாற்காலிப் படத்தின் மேல் இன்னொரு வேலையின் கோடு விழுந்திருந்தது. கம்பி மத்தாப்புப் பெட்டி. அந்தத் தாளில் மை ஓரமாக மட்டும் பிடித்திருந்ததால் பெட்டியின் நீளக் கட்டம் ஒன்றுமட்டும் விழுந்து, நாற்காலியின் கையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நானும் அதைக் கவனிக்காமல் கொடுத்திருக்கிறேன்.

"இது மத்தாப்புப் பெட்டி," என்றேன்.

கொழுந்தன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "மதினி, ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லிராதீக. மத்தாப்புக்குக் கை வச்ச ஆசாரின்னு பேராயிரும். அறுத்து எடுத்துறவா?"

உட்கார்ந்து பார்த்தேன். பாதம் தரையில் பட்டது. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. பலகையின் மேல் கையை வைத்தேன். ஒரு ஃபாரத்தை அடுக்கி வைக்கிற அகலம் இருந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்றேன். லைனுக்கு என்ன செய்வது என்று அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது. அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் நாற்காலியோடு வேனுக்கு நின்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யாருக்குச் சீர் கொண்டு போறீக?"

"எனக்குத்தான்."

"மாப்பிள்ளை யாரு?"

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் நாற்காலியை மேலே ஏற்றிக் கட்டும்வரை நான் வேனில் ஏறவில்லை.

பைண்டிங்கில் அதைக் கொண்டுபோய் லைனின் முதல் இடத்தில் போட்டேன். முதல் ஃபாரம் வைத்திருந்த பெண்ணிடம் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவளுக்கு எந்த இடமும் ஒன்றுதான். முதல் ஃபாரத்தைப் பலகையில் அடுக்கினேன். முதல் ஆளுக்கு யாரும் எதையும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் எடுத்துக் கீழே விட்டால் போதும். இரண்டாவது இடத்தில் அந்த ஏழாயிரம்பண்ணைக்காரி. அவள் கையை நீட்டினாள், நான் விட்டேன். லைன் நகர்ந்தது.

சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"யக்கா, இது என்ன?"

"நாற்காலி."

"அது தெரியுது. யாரு கொண்டாரச் சொன்னா? இங்கன இதெல்லாம் வைக்கக் கூடாது. அந்தப் பட்டை நம்ம கம்பெனிப் பட்டை மாதிரி இருக்கு?"

"குப்பையில கிடந்தது."

"கம்பெனிக் குப்பை."

ஏழாயிரம்பண்ணைக்காரி ஃபாரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "தாளு கம்பெனியோடது, பட்டை கம்பெனியோடது. அக்கா முழங்காலு யாருதுங்க?"

அவர் அவளை முறைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஒருத்திக்குப் போட்டா அம்புட்டுப் பேரும் கேப்பாகன்னு சொன்னேனா இல்லையா?"

"கேக்கட்டும்," என்றேன்.

அது என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அடுத்த ஃபாரத்தை எடுத்துக் கீழே விட்டேன்.

அன்று அவர் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலையில் நாற்காலி வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் வெயிலில் கிடந்தது. நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அவர் வெளியே போடுவார், நான் உள்ளே கொண்டுவருவேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. வேலைக்கு வந்ததும் மற்றவர்கள் செருப்பைக் கழற்றிப் போடுவதுபோல நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் வருவது வழக்கமாகிவிட்டது. சும்மா போய் எடுத்து வருவது எனக்குக் கடினம் இல்லை. சத்தம் போட்டுச் சண்டை போடச் சொல்லியிருந்தால் தோற்றிருப்பேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகத்துக்கு மறுபடி ஆர்டர் வந்தது. முதலில் போட்டதெல்லாம் விற்றுவிட்டதாம். அட்டையின் கலரைப் பார்க்கப் பதிப்பகத்திலிருந்து சென்னைக்காரர் ஒருவர் வந்திருந்தார். முதலாளி அவரை ஒவ்வொரு பகுதியாகக் கூட்டிக் காட்டிக்கொண்டே பைண்டிங்குக்கு வந்தார். நாங்கள் அதே புத்தகத்தைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தோம். சென்னைக்காரர் என் நாற்காலியைப் பார்த்து நின்றுவிட்டார். என் கையில் இருந்த ஃபாரத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"இது அந்த நாற்காலிதானே? ஆனா இந்தப் பலகை அசலில் கிடையாதே."

"மத்தாப்புப் பெட்டிங்க," என்றாள் ஏழாயிரம்பண்ணைக்காரி. அவளே நடந்ததைச் சொன்னாள். சென்னைக்காரர் சந்தோஷமாகச் சிரித்தார். நல்ல மனிதர். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம்தான் கேட்டார். நாற்காலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து தள்ளி நின்றேன்.

"எவ்வளவு பிரமாதமான விஷயம் சார், உங்க கம்பெனியிலேயே இப்படி ஒண்ணு," என்றார் முதலாளியிடம்.

"நம்ம லேடீஸுக்கு நாம வசதி பண்ணிக் குடுக்கணும்லா," என்றார் முதலாளி.

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நின்றேன். அவர்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் சைக்கிள் ஸ்டாண்டில் நாற்காலி இல்லை. லைனிலும் இல்லை. ஏழாயிரம்பண்ணைக்காரி கண்ணால் ஆபீஸ் ரூமைக் காட்டினாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஏசிக்குக் கீழே, வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் நின்றது. மேலே ஒரு பூப்போட்ட குஷன். துடைத்து எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள்.

அந்த மொட்டை மாடிகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. அங்கே முதலில் குப்பை என்று தூக்கி வெளியே போட்டார்கள், பிறகு அழகு என்று தூக்கி உள்ளே வைத்தார்கள். இரண்டு தடவையும் அதில் உட்கார்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. என் நாற்காலிக்கும் அதே கதி வரப் பார்த்தது, அதுவும் ஒரு மாதத்துக்குள்ளேயே.

அத்தனை வருட வேலையில் நான் அந்த ரூமுக்குள் போனதில்லை. சம்பளம் ஜன்னல் வழியாகத்தான் வரும். கதவைத் தள்ளினேன். முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். குஷனை எடுத்துச் சோபாவில் வைத்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்தேன்.

அவர் போனைக் கையால் மூடினார். "என்னம்மா?"

"என் நாற்காலிங்க."

"தெரியும்மா. வர்றவுக பாக்கட்டும்னுதான் போட்டேன். நம்ம கம்பெனிக்குப் பெருமதான? உனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் தரச் சொல்றேன், புதுசா."

அது சின்ன விஷயம் இல்லை. அதுவரை கிடைக்காத நாற்காலி அதுவாகக் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு வந்திருந்தால் என் முழங்காலுக்கும் வேலைக்கும் பழுது வந்திருக்காது. ஆனால் அது அவர் போட்ட பிச்சையாக இருந்திருக்கும். நாளைக்கு எடுக்க நினைத்தால் எடுத்துவிடுவார். இதை எடுக்க முடியாது.

"அத விருந்தாளிக்குப் போடுங்க," என்றேன். "இது நான் செய்யச் சொல்லிச் செஞ்சது. இதுல நான் உக்காந்து வேலை பாக்கணும். லைனு நிக்குது."

குரல் நடுங்கத்தான் செய்தது. அதைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை. நாற்காலியைத் தூக்கினேன். வேம்பு கனமான மரம். பலகை கதவில் இடித்தது. சாய்த்துத் திருப்பி வெளியே எடுத்தேன். மெஷின் ஓட்டுகிறவர்கள், கணக்குப் பையன், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் நடக்க வராத எனக்கு அன்று நடக்க வந்தது, நொண்டி நொண்டி.

லைனின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் ஆபீஸ் ரூம் பக்கம் பார்த்தார். அங்கிருந்து ஒரு சைகையும் வரவில்லை. முதலாளி மறுபடி போனில் பேச ஆரம்பித்திருந்தார். சூப்பர்வைசர் என்ன நினைத்தாரோ, முதல் ஃபாரம் கட்டு ஒன்றை அவரே தூக்கிக்கொண்டு வந்து என் பலகையில் வைத்தார்.

"காலண்டர் சீசனுக்கும் இதுலதான் உக்காருவீகளா?"

"ஆமா."

அன்றிலிருந்து நாற்காலி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வேலையும் போகவில்லை. மற்றவர்களுக்கு இன்னும் தரைதான். ஆனால் இப்போது கேட்கிறார்கள். அவர் பயந்தது சரிதான்.

நாற்காலியைத் தூக்கி வந்த அன்று எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஃபாரத்தை எடுக்கக் கை போகவில்லை. ஏழாயிரம்பண்ணைக்காரி கீழிருந்து கையை நீட்டியபடியே இருந்தாள்.

"யக்கா, விடுங்க. நான் எம்புட்டு நேரம் கைய நீட்டிக்கிட்டு இருக்க? அப்பறம் உங்க கொழுந்தன்ட்ட எனக்கும் ஒண்ணு கேட்டு வைங்க. எனக்கு மத்தாப்புப் பெட்டி வேண்டாம். தீவாளிச் சாட்டைப் பெட்டின்னா இன்னும் அகலமா இருக்கும்."

நான் விட்டேன்.